ஏழாவது கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்கக் கைப்பை. முகம் வேண்டாமாம், தோளிலிருந்து முழங்கை வரை போதுமாம். ஆறு மணி நேரம் பதினான்கு பைகளை மாட்டினேன், கழற்றினேன். தலை படத்தில் வராது என்று தெரிந்தும் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டுதான் போனேன். ஏன்? யாராவது மனம் மாறிக் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குவார்கள் என்றா?

கைக்குப் பூச மேக்கப் அக்கா பெட்டியைத் திறந்தார். இருபத்திரண்டு குப்பிகள். என் நிறத்துக்குக் கிட்டே வருபவை இரண்டு. ஒன்று காய்ந்து கட்டியாகியிருந்தது, இன்னொன்று செங்கல் நிறம்.

"கோச்சுக்காதம்மா, கடையில சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

நான் மாடலாக வந்து ஏழு வருடம். ஏழு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறார். என் பையிலிருந்து என் குப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

மாலை ஏஜென்சிக்குப் போனேன். எங்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் மேடம் சந்தோஷமாக இருந்தார். பெரிய கோட்டு நிறுவனம், குளிர்கால விளம்பரம், எட்டுப் பெண்கள். இந்த முறை 'எல்லா நிறமும்' என்பதுதான் தலைப்பாம். அவர்கள் அனுப்பிய அட்டவணையைக் காட்டினார். எட்டுக் கட்டங்கள். முதல் ஐந்திலும் வெள்ளை என்று போட்டு, முடியின் நிறம் மட்டும் மாறி மாறி எழுதியிருந்தது. ஆறாவது, கிழக்காசிய முகம். ஏழாவது, 'கறுப்பு அல்லது பழுப்பு, ஒருவர்'. எட்டாவது, நரைமுடி.

"ஏழு உன்னோடது. நாலு வருஷமா யார் அட்டவணை அனுப்பினாலும் இந்தக் கட்டம் உன்னோடதுதான்" என்றார் மேடம்.

அவர்களுக்கு அனுப்பும் தாளில் என் வயது இருபத்தைந்து. உண்மையில் இருபத்தொன்பது. மேடத்தின் கணக்குப்படி எனக்கு நான்கு வருடமாகப் பிறந்தநாளே வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஏஜென்சியில் புதிதாக ஒருத்தி. நானே கதவு நிலையில் குனிந்து போகிறவள், அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். வந்த பத்தாவது நிமிடம் மேக்கப் அக்கா 'நெட்டை' என்று பேர் வைத்துவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய முன்னோர் வந்த கண்டம் வேறு, எங்களுடையது வேறு. அவளுக்குச் சுருள்முடி, தலையை ஒட்ட வெட்டியிருக்கிறாள். எனக்கு இடுப்பு வரை நேராக விழுகிறது. மூக்கு வேறு, உதடு வேறு, நடை வேறு. என்னுடன் அவளுக்கு இருக்கும் ஒற்றுமை ஒன்றே ஒன்று. அட்டவணையில் எங்கள் இருவரையும் எழுத ஒரே கட்டம்.

நான் பூசிக்கொள்வதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்க வாங்கின?"

"வாங்கல. ரெண்டு குப்பியக் கலந்து நானே செஞ்சது."

அவள் தன் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். மூடியில் பேனாவால் ஒரு பொட்டு. "என்னோடது மூணு கலந்தது" என்றாள். மணிக்கட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவளுடைய நிறம் இன்னும் ஆழம், உள்ளே ஒரு நீலம். என்னுடையதில் மஞ்சள். ஏழு வருடத்தில் இந்தப் பேச்சை இங்கே யாரிடமும் நான் பேசியதில்லை.

நல்ல பெண். அதுதான் தொந்தரவு.

மார்ச் 12, புதன்

மேடத்தின் சுவரில் அவள் படத்தை என் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இல்லை. கொஞ்சம் மேலே.

மார்ச் 19, புதன்

கோட்டு நிறுவனத்தின் முதல் தேர்வு. தாழ்வாரம் முழுக்கப் பெண்கள், கையில் எண் எழுதிய அட்டை. எனக்கு 31, நெட்டைக்கு 32. உள்ளே போய் நடந்து, திரும்பி, கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றிக் காட்டிவிட்டு வந்தோம். தேர்வாளர் சன்னமான குரல்காரர், பேனாவும் கையுமாக இருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்னு போதும்."

ஒன்று. ஒருத்தி என்றுகூட இல்லை.

நெட்டைக்கும் கேட்டிருக்கும். குனிந்து செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் போன வெள்ளைப் பெண்களில் இரண்டு பேர் அச்சு அசல் ஒரே ஜாடை. பல் வரிசைகூட ஒன்று. அவர்கள் இருவரையும் எடுத்தாயிற்று. அவர்களைப் பார்த்து ஒன்று போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 27, வியாழன்

நாளை இறுதித் தேர்வு. நெட்டையும் நானும் மட்டும் எதிரெதிர். காலை பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள்.

இன்று இருவருக்கும் ஒரே இடத்தில் தொப்பி வேலை. நெட்டையின் போன் தண்ணீரில் விழுந்து இரண்டு நாளாகக் கடையில் கிடக்கிறது. நான்கு மணிக்கு மேடம் எனக்கு அழைத்தார். "நேரம் மாறிடுச்சு. பத்து இல்ல, எட்டரை. அவ அங்கதானே இருக்கா, அவகிட்டயும் சொல்லிடு."

"சரி மேடம்" என்றேன்.

அவள் உடை மாற்றும் அறையில் இருந்தாள். பத்தடி தூரம். திரைக்கு வெளியே நின்றேன். அவள் வெளியே வந்து, "நாளைக்குப் பாப்போம், பத்து மணிக்கு" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள். ஆனால் மறக்கவில்லை. அவள் இருக்கும் தெரு எனக்குத் தெரியும். பஸ்ஸில் இருபது நிமிடம். இப்போது மணி ஆறு.

ஆறரை. துணி மடித்தேன்.

ஏழு. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. இன்னும் பத்து வருஷம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? இது போனா அடுத்து எனக்குத் தோளும் முழங்கையும்தான். இது இல்லன்னா அவளுக்கு வேற கெடைக்கும். கெடைக்கும்ல?

மார்ச் 28, வெள்ளி

என்னை எடுத்துவிட்டார்கள்.

எட்டரைக்கு நான் மட்டும். ஒன்பதேகால் வரை பார்த்துவிட்டு, "வராதவங்களுக்காக உக்காந்திருக்க முடியாது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நெட்டை படியேறி வந்தாள். மூச்சு வாங்கவில்லை, அவசரமே இல்லை. நேரத்துக்கு வந்தவளின் முகம்.

மேடம் எல்லார் முன்னாலும் கேட்டார். "எட்டரைன்னு சொல்லி அனுப்பினேனே." பிறகு என்னைப் பார்த்து, "சொன்னே இல்ல?"

நான் தலையாட்டினேன்.

நெட்டை என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "சாரி மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் போனதும் மேடம் என் தோளில் கை போட்டார். "இவங்களுக்கெல்லாம் நேரம்னா என்னன்னே தெரியாது. நீ அப்படி இல்ல."

இவங்க. ஏழு வருடமாக ஒவ்வொரு வேலைக்கும் அரை மணி முன்னால் போய் நிற்கிறேன், அந்த ஒரு சொல் என் மேல் விழக்கூடாது என்று. இன்று நானே அதை எடுத்து இன்னொருத்தி மேல் வைத்துவிட்டு, அது ஒட்டியதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

படப்பிடிப்பு. காலையிலேயே மற்ற பெண்களை நிறுத்தி விளக்குகளைச் சரி செய்து வைத்துவிட்டார்கள். நான் போய் நின்றதும் புகைப்படக்காரர் கணினித் திரையைப் பார்த்து, "இந்த இடத்துல ஓட்டை விழுந்த மாதிரி தெரியுதே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கென்று ஒரு விளக்கைக் கூட்டினால் பக்கத்துப் பெண் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிறாள். விளக்கை எடுத்துவிட்டு என்னை ஓரத்துக்குத் தள்ளினார்கள். விளம்பர இயக்குநர் அம்மா ஓடி வந்து, "ஐயோ, அவங்க நடுவுல நிக்கணும், தலைப்பே அவங்கதானே" என்றார். கடைசியில் நான் நடுவில், என் மோவாய்க்குக் கீழே வெளிச்சத்துக்காக ஒரு வெள்ளை அட்டை.

பிறகு வீடியோவுக்கு ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். 'எல்லா நிறமும் நம் நிறம்தான்.' நான்கு தடவை சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் மனசுலேர்ந்து" என்றார் இயக்குநர் அம்மா.

மனசுலேர்ந்து. அங்கே என்ன கிடக்கிறது என்று தெரிந்தால் கேட்டிருக்க மாட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தங்கை கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் புராணம்தானாம். "எங்க அக்கா நடுவுல நிக்கறான்னு சொல்லிட்டேன். எழுத்தப் படிக்க வந்தவங்க உன் கதையக் கேட்டுட்டுப் போறாங்க."

என்னால் தாங்க முடியவில்லை. மதியம் அவள் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். போன், திரை, 'ம்', தலையாட்டியது. எதையும் விடவில்லை. இடையில் பேசாமல் கேட்டாள். அவளுக்கு அது அதிசயம்.

"அக்கா, நீ பண்ணது கேவலம்" என்றாள். பிறகு, "சாப்பிட வா, ஆறுது."

சாப்பிட்டோம். கை கழுவும்போது கேட்டாள். "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றா?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்கணும்னுகூடத் தோணலியா?"

மேடத்தின் சுவரில் அவள் படம் இருந்த இடத்தில் இப்போது பசைத் தடம்தான் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அதை மட்டும் தங்கையிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மேக்கப் அக்காவிடம் விசாரித்துப் போனேன். நெட்டை ஒரு செருப்புக் கடையில் இருக்கிறாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒரு பெரியவரின் காலை அளந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தும் உயரமாகவே இருந்தாள். அவர் போகும்வரை பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன்.

"உனக்கு என்ன சைஸ்?" என்றாள்.

"செருப்பு வாங்க வரல. அன்னைக்கு மேடம் எட்டரைன்னு என்கிட்ட சொன்னாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

அவள் அளவுப் பலகையைத் துடைத்தாள்.

"இத எதுக்கு என்கிட்ட சொல்ற? நீ தலையாட்டினப்பவே எனக்குத் தெரியுமே."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

"நான் வாயத் தொறந்தா என்ன ஆயிருக்கும்? இதுங்க ரெண்டும் சண்டை போடுதுன்னு ரெண்டு பேர் படத்தையும் எடுத்திருப்பாங்க. ஒன்னாவது சுவத்துல இருக்கட்டும்னு விட்டேன்."

மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்து தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். அதை வெளியே எடுக்கவே முடியவில்லை.

"உன் இடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேனான்னு நெறைய யோசிச்சேன்" என்றாள் அவளே. "சொல்லியிருப்பேன். அதான் எனக்கு ஆறல." இரண்டு பேர் கடைக்குள் நுழைந்தார்கள். எழுந்தாள். "நெஜமாவே சொல்லணும்னா அங்க போய்ச் சொல்லு. இங்க எனக்கு வேலை இருக்கு."

ஏப்ரல் 17, வியாழன்

போனேன். சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உன்ன நம்பினேன்" என்றார். அது நடிப்பு இல்லை. முதல் முறை என்னை ஒரு நிறுவனம் வாசலோடு அனுப்பியபோது எனக்காகத் தொலைபேசியில் சண்டை போட்டவர் அவர். அதனால் வலித்தது.

பிறகு, "அவளத் திரும்பக் கூப்பிட்டா, வர்ற வேலை உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பாதியாகும். அது புரியுதா?" என்றார்.

"ஏன் மேடம் பாதியாகணும்? அந்த அஞ்சு கட்டத்துக்காரங்களுக்குப் பாதியாகலையே."

"அட்டவணைய நானா போடறேன்? கேக்கறவங்க கேக்கறத நான் அனுப்பறேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன் மேடம். இருக்கிறது ஒரு எடம், யாரு தட்டிப் பறிக்கிறாங்களோ அவங்களுக்குன்னு."

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.

ஏப்ரல் 30, புதன்

போன் இல்லை. வேலை இல்லை. தங்கையின் கடையில் போய்க் கண்ணாடிகளை அடுக்கிக் கொடுத்தேன்.

மே 15, வியாழன்

நெட்டையின் படம் சுவரில் திரும்ப வந்துவிட்டதாம். மேக்கப் அக்கா சொன்னார். என் படமும் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. அவரே, "உன்னோடதும் இருக்கு, பயப்படாத" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

அதே கோட்டு நிறுவனம், அடுத்த விளம்பரம். மேடம் எங்கள் இருவரையும் அனுப்பினார். அதே தாழ்வாரம். நெட்டை தலையசைத்தாள். அதே சன்னக் குரல் தேர்வாளர். நடந்து காட்டி முடித்ததும் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், ஒன்னு கேக்கலாமா? எங்க ரெண்டு பேருக்கும் ஏன் ஒரே கட்டம்?"

அவர் அட்டவணையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பேனாவால் மூக்கைச் சொறிந்தார். மழுப்புவார் என்று நினைத்தேன்.

"நெஜத்தச் சொல்லணும்னா எனக்கே தெரியலம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் போட்ட அட்டவணை. நாங்க வருஷா வருஷம் தலைப்ப மட்டும் மாத்துவோம்."

யாரோ ஒருவரின் வெறுப்பு என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் பல்லைக் கடித்தேன். வெறுப்பாக இருந்தால் முகத்துக்கு நேராக நின்று இரண்டு வார்த்தை பேசலாம். இது யாரும் திருப்பிப் படிக்காத ஒரு தாள். இதனிடம் என்ன பேசுவது? ஆனால், தாளை மாற்றலாம் இல்லையா. மனிதர்களை மாற்றுவதைவிட அது சுலபமா, கஷ்டமா? பஸ் முழுக்க இதே யோசனை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நெட்டையை எடுத்திருக்கிறார்கள். கட்டம் மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

சந்தோஷப்பட முயன்றேன். வரவில்லை. வயிறு எரிகிறது. "நீதானே போய்க் கேட்ட" என்கிறாள் தங்கை. ஆமா, நான்தான் கேட்டேன். கேக்கறது வேற, கெடைக்காமப் போறது வேற.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஏப்ரலில் எடுத்த கோட்டு விளம்பரம் வந்துவிட்டது. எங்கள் பஸ் நிறுத்தத்திலேயே ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். நடுவில் நான். 'எல்லா நிறமும்.'

தங்கை என்னை அதற்குப் பக்கத்தில் நிற்க வைத்து, இங்கும் அங்கும் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரி பார்வை. "அக்கா, உனக்கு வெளுப்பா ஒரு அக்கா இருக்கிறத நம்ம வீட்டுல யாரும் சொல்லவே இல்லையே."

சிரித்தேன். வேறென்ன செய்வது. இரண்டு பூச்சு வெளுப்பாக்கியிருக்கிறார்கள். அந்த நிறத்தில் எனக்குக் குப்பி கலக்கவே தேவையில்லை, மேக்கப் அக்காவின் பெட்டியிலேயே கிடைக்கும்.

அதைப் போனில் படம் எடுத்துப் போய் மேடத்திடம் காட்டினேன். போனாப் போவுது என்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நான் உட்கார்ந்திருக்கும்போதே நிறுவனத்துக்கு அழைத்தார். அச்சுக் கோளாறு என்றார்கள்.

"மத்த ஏழு பேருக்கும் அச்சு ஒழுங்காத்தான் விழுந்திருக்கு. இவளுக்கு மட்டும் கோளாறு வருமா?" என்றார் மேடம். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "அப்ப எழுத்துல குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எழுத்தில் எதுவும் வரப்போவதில்லை. வெளியே வரும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "அந்தக் கையில என்னத்தத் தடவற நீ? மின்னுது."

"ஒன்னும் தடவல மேடம். கைதான்."

அக்டோபர் 14, செவ்வாய்

மழைக்கோட்டுக் கம்பெனி, சின்னது. ஐந்து பேர். அவர்கள் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேட்டபோது மேடம் அப்படிப் பிரிப்பதில்லை என்று சொல்லிப் பத்துப் படங்களை எந்த வரிசையும் இல்லாமல் அனுப்பினாராம். பிடித்த ஐந்தை எடுத்திருக்கிறார்கள். அதில் நெட்டையும் நானும்.

புகைப்படக்காரர் ஒரு பெண், வாயில் எப்போதும் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார். காலையில் விளக்கு வைக்கும்போது முதலில் எங்கள் இருவரையும்தான் நிறுத்தினார். எங்களுக்குச் சரி செய்த பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டார். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒருவருக்கும் கண் கூசவில்லை.

மதியம் எங்கள் இருவரை மட்டும் வைத்து ஒரு படம். முதுகோடு முதுகு சாய்ந்து நிற்க வேண்டும். செருப்புக் கடைக்குப் பிறகு நெட்டை என்னிடம் பேசியதில்லை. பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். இன்றும் அப்படியே. வந்து திரும்பி நின்றாள்.

சாய்ந்து நிற்பது எங்கள் தொழிலில் ஒரு பாசாங்கு. உண்மையில் யாரும் சாய மாட்டோம். எடையை எல்லாம் அவரவர் குதிகாலில் வைத்துக்கொண்டு, முதுகு தொட்டும் தொடாமலும் நிற்போம். மற்றவள் நகர்ந்தால் விழக்கூடாதே. நானும் அப்படித்தான் நின்றேன்.

"ம், ரெடி" என்றார் புகைப்படக்காரப் பெண்.

நெட்டை சாய்ந்தாள். குதிகாலில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. முழுப் பாரமும் என் முதுகில் வந்து இறங்கியது. நான் ஒரு அங்குலம் விலகினால் போதும், தரையில் கிடப்பாள். அது அவளுக்கும் தெரியும். காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். பதினோரு படம் எடுத்தார்கள். ஒரு படத்துக்கும் அவள் எடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அசையவில்லை.

முடிந்ததும் நிமிர்ந்தாள், கோட்டைக் கழற்றி மாட்டினாள், போய்விட்டாள்.

முதுகு இன்னும் வலிக்கிறது.